மட்ச் முடியட்டும்

2003 மாசி 11, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஐஸில் பயிற்சி. ரிங்கில் எங்களுக்கு அந்த நேரம்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதற்குப் பிறகு பொதுசனம். பெண்கள் ஐஸ் ஹொக்கி என்று சொன்னால் எங்கள் கல்லூரியிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. புல்லில்தானே விளையாடுவது என்று கேட்கிறார்கள். பதின்மூன்று பேர் இருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு இன்னும் விழாமல் நிற்பாட்டத் தெரியாது. நான் கப்டன். பெரிய கெட்டித்தனம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் ஈமெயில் போடும் பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது.

கோல் காக்கிற கோலி ஒரே ஒருத்தி. மெகன், கனடாக்காரி, நோவா ஸ்கோஷியா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய்ப் பதினொரு வயதில்தான் ஐஸைக் கண்டவள். அவள் நடக்கப் பழகும்போதே காலில் ஸ்கேட் கட்டியிருப்பார்கள் போல. அவள் நெற்றுக்கு முன்னால் நிற்கிறாள் என்றால் எனக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், லண்டன் டூட்டிங்கில், மொத்தம் நாலு பெண்கள்.

அம்மா ஆசையாக வைத்த இம்மாகுலேற் என்ற பெயரை இவர்கள் 'இம்மி' ஆக்கிவிட்டார்கள். தமிழில் அதற்கு என்ன கருத்து என்று நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கொப்பி குசினி மேசையில் கிடந்தாலும் ஒருத்திக்கும் விளங்காது. சனிக்கிழமை சனிக்கிழமையாக அம்மா இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டதன் பலன்.

மாசி 15, சனி

4–1. வென்றோம், அதுவும் பத்துப் பேரோடு. எங்கள் வேகக்காரி ரூத் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஈராக் போர் வேண்டாம் என்ற ஊர்வலத்துக்குப் போய்விட்டாள். அவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? லண்டனில் பாதி அங்கேதான் நின்றது.

மட்ச் நாள் என்றால் காலை ஒன்பதரைக்கு வீட்டு போன் அடிக்கும். மெகனின் அப்பா. அங்கே அப்போது விடிய ஐந்தரை. ரோட்டில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவர், வேலைக்கு வெளிக்கிட முதல் எடுப்பார். நான் தூக்கினால் எனக்கும் ஒரு புத்திமதி கிடைக்கும். "பிள்ளைக்கு முன்னால் போய் நிற்காதே, அவளுக்குப் பக் தெரிய வேண்டும்" என்று இன்றைக்கும் சொன்னார். பக் என்பது நாங்கள் அடிக்கிற அந்தக் கறுப்பு வட்டு. பத்து மட்சுக்குப் பத்துத் தரம் இதையே சொல்லியிருக்கிறார்.

என்னுடைய அப்பாவுக்கு நான் விளையாடுவது தெரியும். எந்த இடத்தில் நிற்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஹீத்ரோவில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுக்கிற மனிதர்.

மாசி 22, சனி

வென்றோம். தெற்குக் கொன்பரன்ஸில் நாலாம் இடம். முதல் நாலு அணிகளுக்குத்தான் பிளேஓவ் என்ற கடைசிச் சுற்று. எங்கள் கல்லூரி இதுவரை போனதேயில்லை.

மாசி 23, ஞாயிறு

ஹவுன்ஸ்லோ. பூசைக்குப் பிறகு அம்மா வீட்டில் சாப்பாடு. அம்மாவிடம் பிளேஓவ் கதையைச் சொன்னேன்.

"வெண்டால் என்ன தருவினம்?"

"கப் ஒண்டு."

"அதை நீங்களே வச்சிருக்கலாமோ?"

"ஒரு வருசத்துக்கு. பிறகு திருப்பிக் குடுக்க வேணும்."

அம்மாவுக்கு அதில் பெரிய மதிப்பு வரவில்லை. "பல்லு உடையாமல் வந்தாய் எண்டால் காணும்" என்று இன்னும் இரண்டு துண்டு மீனைக் கோப்பையில் போட்டா.

பங்குனி 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு அணிக் கூட்டத்துக்குப் போனேன். ரூத் அழுக்கென்று நினைத்து எச்சில் தொட்டுத் துடைக்க வந்தாள். தபசு காலத்துக்கு எதை விடப் போகிறாய் என்று கேட்டார்கள். சொக்லேட் என்றேன். "கோபத்தை விடு, பெனால்டி குறையும்" என்றாள் மெகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சனிக்கிழமை செமிஃபைனல், கில்ட்ஃபோர்டில்.

பங்குனி 8, சனி, காலை பத்தரை

எழுதினால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று பார்க்கிறேன்.

மெகன் உடுப்புத் தோய்க்க லோண்டரிக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் மேலே. ஒன்பது நாற்பதுக்கு போன் அடித்தது. வழக்கம்போல அப்பா என்று தூக்கினால் ஒரு பெண் குரல். மெகனின் அத்தையாம். இரவு மெகனின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாரடைப்பு. நினைவோடு இருக்கிறார், கதைக்கிறார், இன்றைக்குக் காலையே ஒப்பரேஷன். மெகன் வந்தவுடன் இந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லு என்றார் அத்தை. சீரியல் பெட்டியின் மூடியில் நம்பரை எழுதினேன். சொல்கிறேன் என்றேன்.

போனை வைக்கும்போது சொல்லத்தான் நினைத்திருந்தேன். சத்தியமாக.

பிறகு அந்த மூடியைக் கிழித்து என் பைக்குள் வைத்தேன்.

எங்கள் வீட்டில் இது பழக்கம்தானே. எனக்கு ஏ-லெவல் நடக்கும்போது ஊரில் சின்ன மாமா செத்துப்போனார். அம்மாவின் ஒரே தம்பி. கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வந்த பின்னேரம்தான் எனக்குச் சொன்னார்கள், பத்தொன்பது நாள் கழித்து. அந்தப் பத்தொன்பது நாளும் அம்மா விடிய எழும்பி எனக்கு முட்டை பொரித்துத் தந்தா, சோதினை எப்படி என்று கேட்டா, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதா. எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். சோதினை முடியட்டும், கலியாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும். பிறகு சொல்லுவம். அன்பில்லாமலா?

இப்போது சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்? கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து அழலாம். பிளைட் எப்படியும் நாளைக்குத்தான் கிடைக்கும். மட்ச் நாலு மணிக்கு. ஆறரைக்குச் சொன்னால் ஒப்பரேஷனும் முடிந்திருக்கும், நல்ல செய்தியாகவே சொல்லலாம்.

பத்து மணிக்கு வந்தாள். "அப்பா எடுத்தாரா?"

"இல்லை."

பொய்யில்லை. எடுத்தது அத்தை.

"பனி கொட்டியிருக்கும். லொறியில் நிற்பார், பிறகு எடுக்கிறேன்" என்றாள். மூடி இல்லாத பெட்டியிலிருந்து சீரியலைக் கொட்டி இரண்டு கோப்பை சாப்பிட்டாள். பெட்டியை யார் கிழித்தது என்றுகூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எங்களை ஏற்ற வான் வரும்.

பங்குனி 9, ஞாயிறு

2–1. ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மட்சைப் பற்றி எழுத மனமில்லை.

முடிந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனார்கள். நான் மெகனை வெளியே கூப்பிட்டேன். அவள் காலில் கட்டிய தடித்த பாட்களைக் கழற்றக்கூட இல்லை. சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை.

"எப்போது எடுத்தார்கள்?"

"காலையில்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது நாற்பது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியாது. "அப்பா எடுத்தாரா என்று உன்னிடம் கேட்டேன், இம்மி." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நம்பரைக் கேட்டாள். பைக்குள்ளிருந்து சீரியல் மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

ரூத்தின் மொபைலில் பேசினாள். எங்கள் நேரம் இரண்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்களாம். அதுவரை மூன்று தரம் கேட்டாராம், மெகன் எடுத்தாளா என்று.

வீட்டுக்கு வந்தால் ஆன்சரிங் மெஷினில் சிவப்பு லைட். நாங்கள் வானுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு போன நேரம் அவரே எடுத்திருக்கிறார். மெகன் கோட்டைக் கழற்றாமலே பட்டனை அமத்தினாள். நான் படிக்கட்டில் நின்றேன். "மெகன், அப்பா. செய்தி சொன்னதாக அத்தை சொல்கிறாள். மட்சுக்குப் போய்விட்டாயா? சரி. என்னைக் கொண்டுபோகப் போகிறார்கள். உன் குரலைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன்." பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். போனை வைக்க மனமில்லாத மனிதரின் மூச்சு.

அவள் மெஷினைத் திறந்து கசெட்டை எடுத்துக்கொண்டாள்.

இன்று மத்தியானம் பிளைட். வாசலில் வைத்து, "நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று தொடங்கினேன். "அந்தச் செய்தி என்னுடையது. உன்னுடையதில்லை" என்றாள். பெட்டியைத் தூக்க நான் கை நீட்டினேன். ரூத்திடம் கொடுத்தாள்.

பங்குனி 10, திங்கள்

அணிக்குச் சொன்னேன். எல்லாவற்றையும், மூடியைக் கிழித்தது உட்பட. கப்டனாக வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். ஒருத்தி, "அவள் இல்லாமல் வென்றிருக்க மாட்டோம்தானே" என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அந்த ஆறுதல் நேரே போய்க் குத்தியது. ஏனென்றால் நானும் அதை யோசித்தேன். போனை வைத்த அந்த நிமிடமே யோசித்தேன். எங்களுக்கு ஒரே ஒரு கோலி.

அன்பா, கப்பா? இரண்டும்தான். கலந்துதான் இருந்தது. எது எவ்வளவு என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பங்குனி 11, செவ்வாய்

மெகன் ரூத்தோடு கதைத்திருக்கிறாள். ஒப்பரேஷன் சரி வந்ததாம். அதற்குப் பிறகு பாரிசவாதம். வலப்பக்கம் அசையவில்லை. சொல்வது விளங்குகிறது, ஆனால் பேச்சு வரவில்லை. இனி வருமா என்று டொக்டர்மார் சொல்கிறார்கள் இல்லை.

பேச்சு வரேல்லையாம். சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணி வரைக்கும் கதைச்ச மனிசன். நாலு மணித்தியாலம் இருந்தது. நாலு மணித்தியாலத்துக்கு மேல. ஒரு நிமிசம் காணுமே. கடவுளே, நான் என்ன செய்துபோட்டன்.

பங்குனி 12, புதன்

வகுப்புக்குப் போகாமல் ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அம்மா கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ என்ன பிழை செய்தனி? பிள்ளை பதறிப்போய் விளையாட்டையும் விட்டு, அந்தரப்பட்டு… நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்."

அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தேனா? தேடி வந்தது கிடைத்தது. கிடைத்ததும் கோபம்தான் வந்தது.

"அம்மா, சின்ன மாமாவுக்கு நான் அழவேயில்லை தெரியுமோ உங்களுக்கு?"

"என்ன?"

"நீங்கள் சொல்லேக்க எல்லாம் முடிஞ்சுது. நீங்களும் அழுது முடிச்சிட்டியள். செத்தவீட்டு எட்டுச் செலவும் முடிஞ்சுது. நான் ஆரோடை இருந்து அழுறது? அண்டைக்கு நீங்கள் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தனீங்கள்."

அம்மா கத்தியை வைத்துவிட்டா. பிறகு, "எங்களுக்கும் அப்பிடித்தானே செய்தவை. வேற விதமாச் செய்யத் தெரியாது, பிள்ளை" என்றா. அந்தப் பத்தொன்பது நாளும் நான் பக்கத்து அறையில் இருக்க, தனியாக அழுதது எப்படி இருந்தது என்று அப்போதுதான் முதன்முதலாக அம்மாவைக் கேட்டேன். சொன்னா. இரண்டு பேரும் கிழங்குக்கு முன்னால் இருந்து அழுதோம். அப்பா நித்திரையால் எழும்பி வந்து, ஆர் செத்தது என்று பயந்துபோனார்.

பங்குனி 14, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டு, பத்துக் கட்டளைகளில் எதற்குள் இதைப் போடுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பங்குனி 15, சனி

காலையில் அம்மாவின் போன். மட்ச் நாளில் அம்மா எடுத்ததேயில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதாம். அருமைநாயகி மாமிக்கு முழங்காலில் ஒப்பரேஷனாம். அப்பாவுக்குச் சீனி ஏறியிருக்காம், பதினொன்றில் நிற்குதாம். "எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். பிறகு ஒளிச்சனான் எண்டு என்னைச் சொல்லாதை" என்று வைத்துவிட்டா. ஒரு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஃபைனலுக்குக் கோலி இல்லை. யாராவது ஒருவர் கோலியின் பாட்களைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நானே கட்டினேன். கல்லூரியின் பழைய பாட், ஈரச் சாக்கின் நாற்றம், ஒரு ஆளின் பாரம். அதற்குள் இருந்து பார்த்தால் பக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. முன்னால் நிற்கிற எங்கள் ஆட்களே மறைக்கிறார்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்குத்தான் எனக்கு உடம்பால் விளங்கியது.

11–1 தோல்வி. அந்த ஒன்று ரூத் போட்டது. ஆறாவது கோலுக்குப் பிறகு எதிரணியின் கோலி தன் ஸ்டிக்கால் எனக்கு ஒரு சலூட் அடித்தாள். பாவம் பார்த்திருப்பாள்.

கப் போனதற்குக் கவலை வருமென்று பார்த்தேன். வரவில்லை.

பங்குனி 22, சனி

ஈராக்கில் குண்டு போடத் தொடங்கிவிட்டார்கள். ரூத் டிவிக்கு முன்னாலேயே இருக்கிறாள்.

மெகனுக்கு ஈமெயில் எழுதினேன், ஐந்து நாளாக. முதலில் எழுதியது இரண்டு பக்கம். சின்ன மாமாவின் கதை, எங்கள் ஆட்களின் பழக்கம், பிளைட் எப்படியும் அடுத்த நாள்தானே என்ற நியாயம், எல்லாம் இருந்தது. திரும்ப வாசித்துப் பார்த்தால், மன்னிக்கச் சொல்லி அவளிடம் வழக்காடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். மிஞ்சியது மூன்று வசனம். உன் அப்பாவோடு நீ பேசும் நேரத்தை நான் எடுத்துவிட்டேன். எடுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. அதில் எங்கள் மட்சும் ஒரு காரணம். அனுப்பிவிட்டேன்.

பங்குனி 30, ஞாயிறு

பதில் இல்லை. வரவேண்டுமென்றும் இல்லை.

சித்திரை 5, சனி

நேற்று மெகனின் ஈமெயில். ஒரு நம்பரும், "சனி, உங்கள் நேரம் மூன்று மணி" என்பதும் மட்டும். டூட்டிங் தமிழ்க் கடையில் போன் கார்ட் வாங்கி வந்து, இரண்டே முக்காலிலிருந்து படிக்கட்டில் போனோடு இருந்தேன்.

மெகன்தான் எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டதைக் கவனிக்கவில்லை.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும். நீ செய்ததை நானே சொன்னேன். இங்கே ஒருவரும் ஒருவருக்கும் ஒளிப்பதில்லை" என்றாள். "இப்போது கண்ணை மூடினால் ஆம், திறந்து வைத்திருந்தால் இல்லை. அப்படித்தான் பேசுகிறோம். உன்னோடு பேச வேண்டுமா என்று கேட்டேன். திறந்தே வைத்திருந்தார்."

"சரி" என்றேன்.

"மட்சைக் கேட்க வேண்டுமா என்று கேட்டேன். மூடினார். எனக்கு அந்த மட்சை நினைக்கவே முடியவில்லை, இம்மி. தொடங்கினால் நீ என்னை வெளியே கூப்பிட்டு நின்ற அந்த இடத்துக்குத்தான் போகிறேன். நீ சொல். உன்னைப் பற்றி ஒன்றும் வேண்டாம், மன்னிப்பும் கேட்காதே. மட்ச் மட்டும். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதே."

போனை அவர் காதில் வைத்தாள். எனக்கு மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை நான் முதலும் கேட்டிருக்கிறேன்.

சொல்லத் தொடங்கினேன். நாலு மணிக்குத் தொடங்கியது. ஐஸ் இளகி, பக் மெதுவாக ஓடியது. முதல் பீரியட்டில் அவர்கள் ஒன்று போட்டார்கள், எங்கள் ஆளின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியது, மெகனின் பிழையில்லை. பிறகு ரூத் ஒன்று. இரண்டாம் பீரியட்டில் ஒருத்தியைக் காலில் தட்டி விழுத்தியதற்காக என்னை இரண்டு நிமிடம் வெளியே இருத்தினார்கள். ரெஃபரியைத் திட்டினதற்காக ரூத்தும் வந்து பக்கத்தில் இருந்தாள். ஐந்து பேருக்கு எதிராக மூன்று பேர், ஒரு நிமிடமும் இருபது செக்கனும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நான் பார்த்தேன். உங்கள் பிள்ளைக்கு முன்னால் மறைக்க ஒருவரும் இல்லை. முதல் அடி நெஞ்சில். இரண்டாவது கையுறையில். மூன்றாவது கால் பாட்களில் பட்டு வலப்பக்கம் போனது. நாலாவதில் அவளுடைய ஸ்டிக் பறந்துவிட்டது. ஐந்தாவதுக்கு விழுந்து கிடந்தாள், நெற் முழுக்கத் திறந்திருந்தது, அடிக்கிறவள் கையைக்கூடத் தூக்கிவிட்டாள், கோல் என்று. மெகன் கிடந்தபடியே காலை நீட்டினாள். ஸ்கேட்டின் அடியில் பட்டது. அந்த ரிங்கில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு நான் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன், ஒரு கிழமை கை வீங்கியிருந்தது. மூன்றாம் பீரியட்டில் ரூத் இன்னொன்று போட்டாள், 2–1, முடிந்தது.

முடிந்தது என்று சொன்ன பிறகு எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மெகன் போனை எடுத்தாள். அவளுடைய குரல் வேறு மாதிரி இருந்தது. "கண்ணை மூடியிருக்கிறார்."

"நித்திரையா?"

"இல்லை. திரும்பக் கேட்க வேண்டுமா என்று கேட்டேன்."

கார்ட்டில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். இரண்டாம் பீரியட்டிலிருந்து என்றாள். இந்த முறை அவளும் ரிசீவரில் காதை வைத்துக்கொண்டாள் போல, இரண்டு பேரின் மூச்சும் கேட்டது.